வீட்டுக் கதவு திறந்தபோது

அது ஒரு சமையலறை. நீலச் சட்டையும் நீல ஓவராலும் அணிந்த தாத்தா. அவருக்குப் பக்கத்தில் இரண்டு சிறுமிகள், காய்ந்த மக்காச்சோள மடல்களை ஊற வைக்க உதவுகிறார்கள். அம்மா மடல் மீது மாவைத் தடவுகிறார். உறவினர் இருவர் அதன்மேல் இறைச்சியைப் பரப்புகிறார்கள். மடித்ததையெல்லாம் பாட்டி வேக வைக்க வரிசையாக அடுக்குகிறார்.

இதுதான் கார்மென் லோமாஸ் கார்சா 1980களில் வரைந்த 'தமாலாடா'. தமாலே என்பது ஏறக்குறைய நம் இலைக் கொழுக்கட்டை மாதிரி. ஆவியில் வேகும் பண்டம். மெக்சிகோ வம்சாவளியினர் வீடுகளில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் தமாலே இல்லாமல் முடியாது. குவியல் குவியலாகச் செய்ய வேண்டியிருப்பதால் குடும்பமே கூடும். அந்தக் கூட்டு வேலைக்குத்தான் தமாலாடா என்று பெயர். சில வீடுகளில் பெண்கள் மட்டுமே இதைச் செய்வார்கள். தன் வீட்டில் எல்லோரும் கை கொடுப்பார்கள் என்று பெருமையோடு சொல்கிறார் கார்சா.

ஆனால் அந்தப் பெருமை எளிதில் வந்ததல்ல. 1948-இல் டெக்சாஸின் கிங்ஸ்வில் நகரில் பிறந்தவர் அவர். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை. வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டைப் பார்த்துச் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். வீட்டில் ருசித்தது வெளியே வெட்கமாகிப் போனது. டிபன் பாக்ஸை மறைத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு இது புரியும்.

1960களின் இறுதியில் மெக்சிக அமெரிக்கர்களின் உரிமை இயக்கம் எழுந்தது. அப்போது கல்லூரி மாணவியாக இருந்த அவர், தான் வரைய வேண்டியது எதுவென்று கண்டுகொண்டார். பிறர் பார்க்கக் கூடாதென்று ஒளித்த வீட்டையே ஊரறியத் திறந்து வைப்பது என்று முடிவு செய்தார். தீக்காயத்துக்குத் தடவும் சோற்றுக் கற்றாழைபோல, தன் ஓவியங்கள் பழைய காயங்களை ஆற்றுவதாகப் பின்னர் எழுதினார்.

ஓவியத்தில் அந்தக் காயம் எங்கும் தெரியவில்லை. கோபமோ புகாரோ கிடையாது. மாவு, மடல், வேலையில் மூழ்கிய கைகள், அவ்வளவுதான்.

1990-இல் இத்தகைய ஓவியங்கள் புத்தகமாக வந்தபோது, அவற்றுக்கான விளக்கங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அருகருகே அச்சாயின. எந்த மொழி வகுப்பறையில் தண்டனைக்குரியதாக இருந்ததோ, அதே மொழி அந்தப் புத்தகத்தின் வழியே வகுப்பறைக்குள் திரும்பி வந்தது.