மானியமும் வாக்குச் சீட்டும்



2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். ஆயினும், பகுதி உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. கூரை ஒழுகினால்தான் சிறப்பு மானியத்திற்குக் காத்திருக்கிறோம். சம்பளத்திற்கு யாரும் மேடை போடுவதில்லை. மானியத்திற்கோ மாலை, மரியாதை, மாதிரிக் காசோலை!

222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. தொகுதிகளும் சமமானவை அல்ல. செமினி அடங்கிய உலு லங்காட்டிற்கு அண்டைத் தொகுதியான பாங்கியில், 2022 பொதுத் தேர்தலின்போது 3 லட்சத்திற்கும் அதிகமான வாக்காளர்கள். சரவாக்கின் இகானில் 30 ஆயிரத்திற்கும் குறைவு. இரண்டுக்கும் ஓர் உறுப்பினர்தான். தோட்டங்களை விட்டு வந்த நம்மவருள் பலர் பெருந்தொகுதிவாசிகள்.

அடுத்த முறை நாடாளுமன்ற வேட்பாளர் வாசலுக்கு வந்தால், “எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்காதீர்கள். பள்ளிப் பராமரிப்புத் தொகையையும் சம்பளத்தைப் போல் ஆண்டுதோறும் உறுதியான செலவாக எழுத வாதாடுவாரா, தொகுதிகளைச் சமமாக்கும் திருத்தத்தை ஆதரிப்பாரா என்று கேளுங்கள்.