நான் பொறுப்பு

என் அக்காவின் மகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். கிளிநொச்சியில் ஒரு நுண்கடன் கம்பனி. அங்கே கணக்குப் பிரிவில் இருந்தேன். அவன் தவணைக் காசு சேர்க்கும் வெளிக்கள வேலைக்கு வந்தான். அவனுக்குக் கொடுத்த பகுதி எங்கள் உருத்திரபுரம்.

அவன் கை சுத்தமில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். பரந்தனில் ஒரு கடையில் நின்றபோது லாச்சியில் கை வைத்தான். முதலாளியின் வீட்டுக்குப் போய், காசைக் கட்டி, விஷயத்தை அமர்த்தியவன் நான். அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை.

முகாமையாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஆள் எப்பிடி? காசு விஷயத்தில நம்பலாமோ?" மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் கிடந்தன. மற்றது குஞ்சுப்பரந்தன் பிள்ளை ஒருத்தியுடையது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள், அவனைவிட நல்ல பெறுபேறு. அதைப் பார்த்துக்கொண்டே, "என்ர மருமகன், நான் பொறுப்பு" என்றேன்.

அக்காவுக்காகச் செய்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. 2009 இல் போரில் அத்தானை இழந்து, முகாமில் கிடந்து, பிள்ளைகளோடு ஊர் திரும்பியவர் அவர். அவருக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால், "தம்பி சொன்னா அவங்கள் எடுப்பாங்கள்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது எனக்கு இனித்தது. அந்தப் பேரை இழக்க மனம் வரவில்லை. கர்வம்தான்.

குழுக்கடனில் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமைக்கொரு நாள் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். மருமகன் காசை வாங்கி அவர்களுடைய கொப்பியில் பென்சிலால் எழுதுவான். பற்றுச்சீட்டு கேட்டால் அடுத்த கிழமை என்பான். அது 2017. மழை பொய்த்து இரணைமடுக் குளம் வற்றியிருந்தது. விதைப்பில்லை, வயல் வேலையும் இல்லை. அந்தக் காசு அவர்கள் கச்சான் விற்றும் கூலிக்குப் போயும் சேர்த்தது.

ஒரு பின்னேரம் ஒரு அம்மா கொப்பியோடு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, கட்டினதை இன்னும் கட்டேல்ல எண்டு சொல்லுறாங்கள்" என்றார். அடுத்த நாள் அலுவலகக் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். பல கிழமைக் காசு வந்து சேரவில்லை. முகாமையாளரின் அறை என் மேசைக்கு எதிரேதான் இருந்தது. நான் எழும்பவில்லை. அன்றிரவு மருமகனிடம் போய், "மெல்ல மெல்லக் கட்டி முடி" என்றேன். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த அம்மாவிடம், "பாக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். அவன் பிறகும் மாதக்கணக்கில் எடுத்தான். அந்த மாதங்களை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

கணக்காய்வுக்கு ஆள் வர அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். பென்சில் எழுத்தைக் கம்பனி ஏற்கவில்லை. பிணை நின்றவர்கள் கட்டினார்கள். ஒருவர் தோட்டை அடகு வைத்தார். இன்னொருவர் கறவைப் பசுவை விற்றார். அதை ஏற்றிய லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் கன்று வாய்க்கால் கட்டுவரை ஓடியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். உதவிக்குக்கூடப் போகவில்லை.

2018 இல் வரட்சி மாவட்டங்களின் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களில் தவணை தவறி நின்றவற்றை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. இவர்கள் அதற்கு முன்னமே கட்டி முடித்திருந்தார்கள். ஒரு சதமும் கிடைக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது, சம்பளமும் வந்தது.

பிந்தித்தான் காசைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினேன். பசுவை விற்றவர் வாங்கவில்லை. "காசு கிடக்கட்டும் அண்ணை. உங்களுக்கு அப்பவே தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கும் பொய்தான் சொன்னேன்.