கோடி

சேலம், நாமக்கல் பகுதிகளில் ஏரி நிரம்பி வழியத் தொடங்கினால் ‘ஏரி கோடி போகிறது’ என்று சொல்வது வழக்கம். தெற்கே சென்றால் அதையே ‘மறுகால் பாய்கிறது’ என்பார்கள். வடக்கே ‘கலங்கல்’ என்ற சொல் உண்டு. நூல்களில் ‘கலிங்கு’ என்று காண்கிறோம். இந்தக் கலிங்குக்குத் தனிப் பெருமை ஒன்று இருக்கிறது. சென்னை மாகாணத்தில் பாசன வேலை பார்க்க வந்த ஆங்கிலப் பொறியாளர்கள் நம் சொல்லையே சற்றுத் திரித்து ‘கலிங்குலா’ என்று தங்கள் நூல்களில் எழுதிக்கொண்டார்கள். எனினும் எனக்குப் பிடித்த சொல் கோடிதான். கோடி என்றால் முனை. தெருக்கோடி என்கிறோமே, அதுபோல. உபரி நீரைக் கரையின் நடுவில் விடலாகாது, முனையில்தான் விடவேண்டும் என்ற பெரிய பாடம் அந்தச் சிறிய சொல்லுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

இதையெல்லாம் எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு கண்ணாடித் தொட்டி. சேலத்தில் இருக்கும் என் தங்கை மகன் கடல் மீன் வளர்க்க விரும்பி, தொட்டியொன்றை அளவு கொடுத்துச் செய்விக்க முற்பட்டான். கடலே காணாத ஊரில் கடல் நீரா என்று கேட்டால், நன்னீரில் அதற்கென விற்கும் உப்பைக் கலந்து ஆக்கிக்கொள்ளலாம் என்கிறான். உயிருள்ள பவளத்தைக் கடலிலிருந்து எடுத்து வைப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே பவளப் பாறை போலச் செய்த செயற்கைப் பாறையே அவனுக்குப் போதும். அவனுடைய கவலை வேறு.

“மாமா, தண்ணி வழியிற இடத்தை நடுவில் வைக்கவா, மூலையில் வைக்கவா? கண்ணாடியை வெட்டி ஒட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது” என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பொறுமையாக விளக்கினான். மீன் தொட்டியின் அழுக்கில் ஒரு பகுதி எண்ணெய்ப் படலம்போல மேற்பரப்பில் மிதக்கும். ஆகையால் நீரை மேலிருந்தே வழியவிட்டு, கீழே வைத்துள்ள இன்னொரு தொட்டியில் சுத்தம் செய்து, மோட்டாரால் மீண்டும் மேலே ஏற்றவேண்டும். வழியும் விளிம்பில் சீப்புப் பற்களைப் போல வெட்டியிருப்பார்கள். நீர் போகும், மீன் போகாது. அந்த வழிவாயை நடுவில் வைத்தால் இரு பக்கத்துப் படலமும் ஒரே சீராக இழுபடும். ஆனால் காட்சியின் நடுவே ஒரு கறுப்புத் தூண் நிற்கும். மூலையில் வைத்தால் கண்ணுக்கு மறைவு. எதிர்மூலையில் நீர் தேங்கும். பின்சுவரின் நீளத்துக்குக் கொண்டுபோகலாம். அப்பொழுது தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். எங்கே வைத்தாலும் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். ஆனால் வழிவாயின் விளிம்பு மட்டத்துக்கு மேலே உள்ள நீரெல்லாம் கீழ்த் தொட்டிக்கு இறங்கிவிடும். விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நீர். அதைக் கீழ்த் தொட்டி தாங்காவிட்டால் வீட்டுத் தரைதான் தாங்கவேண்டும்.

அவன் சொன்னவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது மூன்றாம் குழாய். விவரமறிந்தவர்கள் ஒரு வழிவாய்க்கு மூன்று குழாய்கள் வைப்பார்களாம். முதற்குழாய் காற்றுக்கு இடமின்றி முழுதும் நிரம்பி, ஓசையே இல்லாமல் பெரும்பங்கு நீரைக் கொண்டுபோகும். இரண்டாவதில் மெல்லிய ஓட்டம் கசியும். மூன்றாவது எப்பொழுதும் வறண்டிருக்கும். முதலிரண்டும் ஒரு நத்தையாலோ பாசியாலோ அடைபட்டுப்போனால், அன்றைக்கு மட்டும் அதற்கு வேலை. பல ஆண்டுகள் ஒரு சொட்டு நீரும் காணாமல் இருப்பதற்காகவே ஒரு குழாயை விலை கொடுத்து வாங்கி, கண்ணாடியில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள்!

அவனுக்கு நான் ஏரியைச் சொன்னேன். நம் ஊர் ஏரிக்கரை மண்ணால் ஆனது. நடுவில்தான் பள்ளம் மிகுதி. ஆகவே கரையின் உயரமும் அங்கேதான் மிகுதி. அங்கே நீரை வழியவிட்டால் அத்தனை உயரத்திலிருந்து விழும் நீர் கரையின் அடியையே பறித்துவிடும். ஆகவே முன்னோர் கரை மேட்டோடு சேரும் முனையைத் தேடினார்கள். அங்கே நிலம் உயர்ந்திருக்கும். விழும் உயரம் குறைவு. பாறையும் வெளியே தலைகாட்டினால் அதைவிடப் பேறு வேறில்லை; அதன்மேல் கல்லணை கட்டி, வழிந்த நீர் கரையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு பழைய ஓடைக்கே போய்ச் சேர வழி செய்தார்கள். சேர்வராயன் மலையிலிருந்து திருமணிமுத்தாறும் சரபங்காவும் இறங்கி வருகின்றன. நீரைப் பிடித்து நிறுத்துவதோடு, வேண்டாத நீரை அடுத்த ஏரிக்குச் சேதமின்றி ஒப்படைப்பதும் இச்சமவெளியில் ஏரிகளின் கடமையாக இருந்தது.

கலிங்கின் தலையில் சில இடங்களில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பதைக் காணலாம். மழைக்காலம் முடியும் தறுவாயில் அக்கற்களுக்கிடையே பலகையோ புல்லும் மண்ணுமோ வைத்து அடைத்தால் ஏரியில் ஓரிரு அடி கூடுதலாக நீர் நிற்கும். இதைச் சொல்வது எளிது. அந்த ஓரடியால் ஏரிக்குக் கீழே உள்ளவனுக்கு இன்னொரு போகத்துக்கு உயிர் வரும். ஏரிக்கு மேலே உள்ளவனின் நிலம் நீரில் மூழ்கும். அடைப்பதற்கு ஒருவன் இரவில் போவான். பிரிப்பதற்கு வேறொருவன் விடியுமுன் போவான். வழக்கு மன்றங்கள் அறிந்த கதை இது. வழிவாய் எங்கே என்பதைப் பொறியாளர் தீர்மானிக்கிறார். எவ்வளவு உயரத்தில் என்பதைத் தீர்மானிக்கும்போதோ, யாருடைய நிலம் நனையவேண்டும் என்பதும் கூடவே தீர்மானமாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் மறைமாவட்டத்துக்குள்ளேயே மேட்டூர் இருக்கிறது. 1924 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே, இங்கே கட்டவிருக்கும் நீர்த்தேக்கம் 9,350 கோடி கன அடிக்கு மேற்படக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் காவிரி இதற்குமுன் காணாத வெள்ளமாக வந்தது. மறு ஆண்டு, 1925 ஜூலையில், அணை வேலை தொடங்கிற்று. கையெழுத்தின் மை உலருமுன் வெள்ளத்தையும் கண்ணால் கண்டவர்கள் கட்டிய அணை அது.

கர்னல் எல்லிஸ் என்னும் பொறியாளரின் திட்டம் அது. 5,300 அடி நீளமும் 214 அடி உயரமும் உள்ள பெருஞ்சுவர்; அதன் தலைக்கு மேலே வெள்ளம் வழியவேண்டாம் என்பது ஏற்பாடு. குன்றுகளுக்கிடையே குதிரைச் சேணம்போலத் தாழ்ந்திருந்த ஓர் இடத்தில், பெருஞ்சுவரிலிருந்து ஒதுங்கி, பதினாறு கண் மதகைக் கட்டினார்கள். ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், 20 அடி உயரம். பாசனத்துக்கு விடும் நீர் அணையடியில் மின் நிலையம் வழியாகப் போகிறது. பெருவெள்ளம் வந்தால் மட்டும் பதினாறு கண் திறந்து, பாறைகள் நிறைந்த தனிப்பாதையில் ஓடி, கீழே போய்க் காவிரியோடு சேர்கிறது. பெருஞ்சுவரின் அடிவாரத்துக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. எல்லிஸ் பெயரை இன்றும் அந்த மதகுதான் தாங்கியிருக்கிறது. ஏரிக்கோடியைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத நம் கிராமத்தான் இதைப் பார்த்தால், ‘இதைத்தானே நானும் செய்தேன்’ என்று சொல்லியிருப்பான்.

1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பெருஞ்சுவர் நிற்பதற்குப் பதினாறு கண் பெரும்பாலான நாட்களில் வறண்டு கிடப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெள்ளம் வராத ஆண்டுகளில் அந்தப் பக்கம் போனால், இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்றே தோன்றும். பாறைகளுக்கிடையே ஆடு மேயும். மதகு மூடிய பிறகு பாறைக்குழிகளில் தங்கிவிட்ட மீனைப் பிடிக்க இளைஞர்கள் இறங்குவார்கள். மீண்டும் எப்பொழுது திறப்பார்கள் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

கீழே உள்ளவர்கள் எண்ணித்தான் ஆகவேண்டும். 2018 ஆகஸ்டிலும் 2024 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தபொழுது, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றோரத்துத் தாழ்ந்த தெருக்களில் இருந்தவர்கள் பாயும் பாத்திரமுமாகப் பள்ளிக்கூடங்களுக்கும் மண்டபங்களுக்கும் போனார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு, திருச்சிக்கு அருகே முக்கொம்பில், 1836இல் சர் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் பெயர்ந்து போயின. ஆற்றோரத்தில் ஏன் குடியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடில்லை. விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவருக்கு மேட்டில் மனை வாங்கிக் கொடுப்பவர் யார்? பல ஆண்டுகள் வறண்டு கிடக்கும் வழி, வழியாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. அது வெறும் நிலமாகிவிடுகிறது. அதற்குப் பட்டா கேட்பவரும், கொடுப்பவரும், மனை போட்டு விற்பவரும் இருக்கிறார்கள். மூன்றாம் குழாயைப் பிடுங்கி வேறு வேலைக்கு வைத்துக்கொண்டதைப் போன்றது இது. ஆனால் தொட்டி வழிந்தால் நனைவது, பிடுங்கியவனின் வீடாக இருப்பது அரிது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அணை நம் மாவட்டத்தில் இருந்தாலும், அதன் நீர் பெரும்பாலும் டெல்டாவுக்கே உரியது. கரைக் கால்வாய்கள் வழியே சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் பயன்பெறுவது 45,000 ஏக்கர் அளவே. எடப்பாடிப் பக்கத்து ஏரிகள் பல ஆண்டுகள் வெடித்துக் கிடக்க, அவற்றைக் கடந்து வெள்ளம் கடலுக்குப் போயிற்று. வழியும் நீரை நூறு ஏரிகளுக்கு ஏற்றித் தருவதற்கென 565 கோடி ரூபாயில் திட்டம் தீட்டி, 2021 பிப்ரவரியில் அதன் முதற்கட்டத்தைத் தொடங்கினார்கள். இருபத்து மூன்றாம் திருப்பாடலில் வரும் நிரம்பி வழியும் கிண்ணத்தைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறோம். வழிந்தது எங்கே போயிற்று என்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

அணைக்கு மேற்புறம் செல்வோம். முழுக் கொள்ளளவில் நீர் நிற்கும் உயரம் 120 அடி. பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். அந்த எண் காகிதத்தில் முடிவானபொழுதே அதற்குட்பட்ட ஊர்களின் விதியும் முடிவாயிற்று. பண்ணவாடிப் பரிசல் துறைக்கு அருகே, நீருக்கடியில் இரட்டைக் கோபுரமுள்ள கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது. சலகண்டேசுவரர் கோயிலும் அதன் நந்தியும் இருக்கின்றன. கோடையில் நீர்மட்டம் எண்பது அடிக்குக் கீழே இறங்கினால் முதலில் ஆலயக் கோபுரம் தெரியும். இன்னும் இறங்கினால் நந்தி தெரியும். செய்தித்தாளில் படம் வரும். மக்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள்.

எனக்கு அதை வேடிக்கையாகப் பார்க்க இயலவில்லை. ஓர் ஆலயத்தைக் காலி செய்வது எப்படி? நற்கருணைப் பேழையை எடுத்துக்கொள்ளலாம். சுரூபங்களை வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றலாம். மணியை இறக்கலாம். பீடத்தின் கல்லையும் பெயர்க்கலாம். கோபுரத்தை எடுத்துப்போக முடியாது. கல்லறைத் தோட்டத்தையும் முடியாது. தாயைப் புதைத்த இடத்தின்மேல் தண்ணீர் ஏறப்போகிறது என்று அறிந்த ஒருவன் அன்று மாலை என்ன செபம் சொல்லியிருப்பான்? சேலம் மறைமாவட்டம் உருவானது 1930 மே மாதத்தில். அப்பொழுது மேட்டூரில் பெருஞ்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நம் மறைமாவட்டத்தின் தொடக்க ஆண்டுகளும் அந்த ஆலயத்தின் கடைசி ஆண்டுகளும் ஒன்றே.

தஞ்சையில் நெல் விளைய அந்த அணை வேண்டும்; அதை மறுக்க நான் யார்? 120 அடி என்பது 100 அடியாக இருந்திருந்தாலும் அந்தக் கோபுரம் மூழ்கித்தான் இருக்கும். ஆனால் அணையைப் பற்றிப் பேசும் நம் பாடநூல்களில் நீளம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, கொள்ளளவு இருக்கிறது. கொள்ளப்பட்ட ஊர்களின் பெயர்கள் இல்லை. பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பொறுமையாகப் புரட்டினால், இன்று நீருக்கடியில் இருக்கும் ஊர்ப் பெயர்கள் கையெழுத்தில் அகப்படக்கூடும். இளைஞர் இயக்கத்தார் யாரேனும் அவற்றைத் தொகுத்தால் நன்று.

2024 ஜூலை 30 அன்று அணை மீண்டும் 120 அடியைத் தொட்டது. பதினாறு கண் திறந்தது. அன்று அந்தக் கோபுர உச்சிக்கு மேலே நாற்பது அடியளவு தண்ணீர் நின்றிருக்கவேண்டும். பண்ணவாடியிலிருந்து அக்கரையில் உள்ள நாகமரைக்குப் போகிறவர்கள் அந்த நீரைக் கடந்துதான் போய் வருகிறார்கள்.