கடைமடையில் ஓய்வுக்கு வயது இல்லை

அரசு வேலையில் இருப்பவருக்கு ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். தமிழ்நாட்டில் அது 58 வயது என்று இருந்தது. 2020-ல் 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பேராவூரணிப் பக்கம் இப்படி மாலையோடு வீடு வந்த வாத்தியார்களும் மின்வாரியக்காரர்களும் நிறையப் பேர். மறுநாள் விடிந்ததும் அவர்களில் பலர் போவது தென்னந்தோப்புக்குத்தான். பக்கத்துத் தோப்பில் எழுபது வயதில் வட்டப்பாத்தி வெட்டிக்கொண்டிருப்பவருக்கோ மாலையும் இல்லை, தேதியும் இல்லை.

"இன்னும் எதுக்குப் பெரியப்பா வெயில்ல கெடக்குறீங்க? வீட்ல இருக்கலாம்ல" என்று கேட்டால், "வீட்ல இருந்தா ஒங்க பெரியம்மா வையிறா. தென்னம்புள்ள ஒண்ணும் சொல்றதில்ல" என்று பதில் வரும். சிரிப்புக்குச் சொல்கிற பதில்தான். ஆனால் 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது அந்தத் தென்னையும் இல்லாமல் போனது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரங்களில் தோப்பு தோப்பாக மரங்கள் சாய்ந்து கிடந்தன. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் வந்தது. அதில் 500 ரூபாய் விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவதற்கு. நாற்பது வருஷம் காய்த்த மரத்துக்கு மிச்சம் 600 ரூபாய்.

அப்போது அறுபத்தைந்து வயதில் இருந்தவர்களுக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றது. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். 'நட்டால் நாம் இருந்து பார்ப்போமா?' என்ற யோசனை யாருக்கும் வரத்தான் செய்யும். சிலர் குட்டை ரகம், ஒட்டு ரகம் என்று சீக்கிரம் காய்ப்பதைத் தேடினார்கள். சிலர் நிலத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு சென்னைக்கும் திருப்பூருக்கும் போனார்கள். நிறையப் பேர் நெட்டையையே நட்டார்கள். கணக்குப் போட்டு நட்டவர்களும் உண்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நட்டவர்களும் உண்டு. அந்தக் கன்றுகளில் பாளை வந்து, இளநீர் இறங்கிவிட்டது. நட்டவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது.

விவசாயி வேலையை விடாததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை, பணமும் காரணம். ஓய்வூதியம் வாங்கும் வாத்தியார் தோப்புக்குப் போகாவிட்டாலும் மாதக் கடைசியில் வங்கியில் பணம் ஏறும். தகுதியுள்ள ஏழை முதியவருக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய். விவசாயிக்கென்று மத்திய அரசு 2019-ல் ஒரு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. அதில் 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் சேரும் வயது 18 முதல் 40 வரைதான். இன்றைக்கு ஐம்பதில் இருக்கிற விவசாயிக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது. வீட்டில் முப்பது வயது மகன் விவசாயம் பார்த்தால் அவன் பெயரில் விசாரித்துப் பார்க்கலாம்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். 'பாடுபட்ட உடம்புக்கு நோய் வராது' என்று டெல்டாக்காரர்கள் சொல்வது பாதிதான் உண்மை. பாதி உண்மைக்குச் சாட்சியாக மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி பாப்பம்மாள் இருந்தார். இரண்டரை ஏக்கரில் ரசாயனம் போடாமல் விவசாயம் பார்த்தவர். 105 வயதுக்காரர் என்று 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோதும் அவர் வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர், கட்சிக்காரர், வேளாண் பல்கலைக்கழகக் கூட்டங்களில் எழுந்து கேள்வி கேட்பவர். 2024 செப்டம்பரில் காலமானார். அவர் நீண்ட நாள் வாழ்ந்ததற்கு ராகியும் கீரையும்தான் காரணம் என்று எழுதுவது சுலபம். அதே ராகியும் கீரையும் சாப்பிட்டு அறுபதில் போனவர்களும் உண்டு. காலையில் எழுந்ததும் போவதற்கு ஒரு இடமும், போனால் பேசுவதற்கு நாலு பேரும் கடைசி வரை அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மீதிப் பாதியைக் கடைமடை ஊர்களின் சேற்றில் பார்க்கலாம். சர்க்கரை நோய் இருக்கிற பெரியவர் வெறுங்காலோடு நடவு வயலில் இறங்குகிறார். நரம்பு மரத்துப்போன காலில் முள் குத்தினாலும், நத்தை ஓடு கிழித்தாலும் தெரியாது. மூன்றாம் நாள் கால் வீங்கிய பிறகுதான் வீட்டில் சொல்வார். அதற்குள் புண் சீழ் பிடித்திருக்கும். விரலை எடுப்பதில் போய் முடிந்த கதைகள் எந்த ஊரிலும் உண்டு. வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். மருந்து தெளிக்கும் வேலையை அறுபதுக்கு மேல் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. வழுக்கும் வரப்பில் கைத்தடி ஊன்ற வெட்கப்பட வேண்டியதும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். ஆனால் வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, 'இன்னைக்கு நல்லாத்தான் இருக்கேன்' என்று போடாமல் விடுகிறவர்கள் ஏராளம். பாரம்பரிய அரிசிக்கு மாறியவர்கள் சிலர், மாப்பிள்ளைச் சம்பா என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்கிறார்கள். சோறு எந்த நெல்லில் வடித்தாலும் சோறுதான், அளவு வேண்டும்.

இயற்கை உணவையும் உழைப்பையும் ஊர் ஊராகச் சொன்ன நம்மாழ்வாரின் கடைசி நாட்கள் இந்தப் பக்கத்தில்தான் கழிந்தன. தஞ்சை மாவட்டம் திருக்காட்டுப்பள்ளி அருகே இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர். 1963-ல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்குப் பயன்படவில்லை என்று 1969-ல் அரசு வேலையை விட்டார். ஓய்வூதியம், பணிக்கொடை எல்லாவற்றையும் 31 வயதிலேயே வேண்டாம் என்றவர். கரூர் மாவட்டம் கடவூர் பக்கத்தில் 'வானகம்' பண்ணையைத் தொடங்கியது 2009-ல். அப்போது அவருக்கு 71 வயது. நல்ல தண்ணீர் வசதியுள்ள நிலமாகப் பார்த்து உட்காரவில்லை. வறண்டு கிடந்த காட்டு நிலத்தை எடுத்து, மழைத் தண்ணீரைத் தேக்கி, மரம் வைத்து மாற்றிக் காட்டினார்.

மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தபோது அவருக்கு எழுபத்தைந்தை நெருங்கும் வயது. நிலக்கரிப் படுகையில் இருக்கும் தண்ணீரை வெளியே இறைத்தால்தான் அந்த வாயு மேலே வரும். நிலத்தடி நீர் போனால் டெல்டாவில் என்ன மிஞ்சும் என்பதைக் கிராமம் கிராமமாகப் போய்ச் சொன்னார். அந்தப் பிரசாரத்துக்காக வந்து தங்கியிருந்த இடத்தில், பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில், 2013 டிசம்பர் 30-ம் தேதி இரவு இறந்தார். வானகத்தில் அவரை விதைத்தார்கள். மீத்தேன் திட்டத்துக்கு 2015-ல் தமிழக அரசு நிரந்தரத் தடை போட்டது. காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்ற சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

அந்த வயதில் அப்படி அலைந்திருக்க வேண்டுமா, வானகத்தில் இருந்தபடியே பேசியிருந்தால் இன்னும் சில வருஷம் இருந்திருப்பாரே என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறவர்கள் உண்டு. வீட்டில் பெரியவர்களை வைத்திருக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. அப்பா கூட்டத்துக்குக் கிளம்பும்போது மகன் சட்டையைப் பிடித்து நிறுத்துவது அக்கறையில்தான். ஆனால் நிறுத்தி, திண்ணையில் உட்காரவைத்து, டிவியைப் போட்டுக்கொடுத்த பிறகு அவர் வேகமாக மெலிந்துபோவதையும் அதே மகன்தான் பார்க்கிறான். போகட்டும் என்று விட்டுவிட்டு, மாத்திரையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பையில் போட்டுக் கொடுப்பதுதான் கூடுதல் அக்கறை.

டெல்டாவில் இதற்கு முன்னாலும் வயதானவர்கள் முன்னால் நின்றிருக்கிறார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ம் தேதி 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கியவர்கள் சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்காக 1981-ல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளில் நாகைக் கடற்கரையில் விளைநிலங்களெல்லாம் இறால் பண்ணைகளாக மாறி, குடிதண்ணீர் உப்பானபோது ஜெகந்நாதன் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். உண்ணாவிரதம், மறியல் எல்லாம் நடத்தி, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது நீதிமன்றம். பிறகு 2005-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சேதுபாவாசத்திரம் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இறால் குட்டை வெறும் செய்தியல்ல. 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் மறைந்த பிறகும், தொண்ணூறைத் தாண்டிய கிருஷ்ணம்மாள் குடிசைகளை வீடுகளாக மாற்றும் வேலையை விடவில்லை.

காவிரி வழக்கும் அப்படித்தான். டெல்டா விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது 1983-ல். நடுவர் மன்றம் அமைந்தது 1990-ல். இறுதித் தீர்ப்பு 2007-ல். உச்ச நீதிமன்றம் அதில் 14.75 டி.எம்.சி. குறைத்து முடித்துவைத்தது 2018 பிப்ரவரியில். மனுப் போடும்போது நாற்பதில் இருந்தவர் முடிவு வரும்போது எழுபத்தைந்து. வழக்கை இடையில் யாரும் கைவிடாமல் இருந்ததே பெரிய விஷயம். ஆட்சிகள் மாறின, வழக்கறிஞர்கள் மாறினார்கள். எந்த வருஷம் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற நினைவைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் வயதானவர்கள்தான்.

பேராவூரணிக்கு இந்த நினைவு வேறு எந்த ஊரையும்விட அவசியம். கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தார்கள் என்று செய்தி வந்தாலும் இங்கே வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருவதற்கு நாட்கள் ஆகும். சில வருஷம் வராமலேயும் போகும். கஜாவுக்குப் பிறகு 2019-ல் பேராவூரணிப் பெரிய குளத்தை, ஐந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த குளத்தை, 'கைஃபா' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த இளைஞர்களும் விவசாயிகளும் ஊர்ப் பணத்தில் தூர்வாரினார்கள். இயந்திரத்தை ஓட்டுவதும் பணம் திரட்டுவதும் இளைஞர் வேலை. ஆனால் மண்மூடிப்போன வரத்து வாரி எந்த வழியாக வந்தது, எந்த மதகு எந்த வயலுக்கு என்று சொல்வதற்கு ஒரு பெரியவர் கரையில் நிற்க வேண்டும். எந்த ஊர் ஏரிக்கும் இதுதான் நிலைமை. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளாத ஊர்கள் பின்னால் சர்வேயரையும் பழைய வரைபடத்தையும் தேடி அலைகின்றன.

அரசியல் பேசுவதில் நம் பெரியவர்களுக்குக் குறைச்சல் இல்லை. டீக்கடையில் டெல்லி வரைக்கும் பேசுவார்கள். ஆனால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். மாவட்ட ஆட்சியர் மாதம் ஒரு முறை நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்களும் திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான். பென்ஷன் வாங்கும் வாத்தியாருக்கு மனு எழுதத் தெரியும். தோப்புக்காரப் பெரியவருக்கு எந்த வாய்க்காலில் எவ்வளவு தூரம் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று தெரியும். இரண்டு பேரும் ஒரே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, வீட்டுக்குள் நடக்கும் அரசியல். பட்டா கையில் இருக்கும்வரை பெரியவர் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு. தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த மறுமாதமே சாப்பாட்டுத் தட்டு திண்ணைக்கு வந்துவிடுகிற வீடுகளும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கவனிக்காத பிள்ளை மீது கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பேராவூரணிக்காரர்களுக்குப் பட்டுக்கோட்டைக் கோட்டாட்சியர் அலுவலகம். எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்யவும் சட்டத்தின் 23-வது பிரிவில் வழி உண்டு. ஆனால் 'என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வழக்கு உறுதியாக நிற்கும். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லையா என்று கோபப்படுவார்களே என அந்த வரியை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் எந்த நஷ்டமும் இல்லை. பத்திரம் எழுதுபவர் எழுதி முடித்ததும், பதிவுக்குப் போகும் முன்னால், அந்த வரி இருக்கிறதா என்று ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.