2.7 மில்லி செகண்ட்

வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பொது விரோதி உண்டு. 'டப்' என்கிற சத்தம். பாடகி சரணத்தில் உச்சஸ்தாயியைத் தொடுகிற நேரம் பார்த்து, ஹெட்போனில் கடுகு வெடிக்கிற மாதிரி டப், டப்டப். டேக் போச்சு. 'இன்னொரு தடவை பாடுங்கம்மா' என்றால் பாடுவார். அந்தச் சங்கதி திரும்ப வராது.

கம்ப்யூட்டர் கெடு தவறியதால் வருகிற சத்தம் அது. ஒலியை அது பொட்டலம் பொட்டலமாகத்தான் கையாளுகிறது. ஒரு செகண்டை 48,000 துணுக்குகளாக வெட்டி, 128 துணுக்குக்கு ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பொட்டலத்துக்குக் கிடைக்கிற அவகாசம் சுமார் 2.7 மில்லி செகண்ட். அதற்குள் முப்பது வயலின், மிருதங்கம், எதிரொலி, பாடகியின் குரல் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பியாக வேண்டும். மூன்றாவது மில்லி செகண்டில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்க ஆள் இல்லை. எக்ஸெல்லில் ஒரு கூட்டல் கால் செகண்ட் தாமதமானால் நமக்குத் தெரிவதுகூட இல்லை. இங்கே காதில் விழுகிறது.

பொட்டலத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். 1,024 துணுக்கு என்றால் 21 மில்லி செகண்ட் அவகாசம்; கம்ப்யூட்டர் நிம்மதியாக மூச்சு விடும். ஆனால் கீபோர்டில் கட்டையை அழுத்திய பிறகு சத்தம் சாவகாசமாக வரும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகிறது. சபாவில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால் நாலரை மில்லி செகண்ட் தாமதம் இயற்கையிலேயே இருக்கிறது. யாரும் புகார் சொல்வதில்லை. 21 என்பது மிருதங்கக்காரரை ஏழு மீட்டர் தள்ளி உட்கார வைக்கிற மாதிரி. வாசிக்கிறவர் கைக்கு உறுத்தும்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அவசியமானது என் நண்பரின் மகனால். கல்யாண ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசிக்கிற பையன். குறும்படம், நகைக்கடை விளம்பரம் என்று பின்னணி இசை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பழைய லேப்டாப் சதா கடுகு தாளித்துக்கொண்டிருந்தது. அவன் அம்மா, தங்கையின் காலேஜுக்கென்று கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்து ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டார். மிச்சத் தவணைகளை அவன்தான் கட்ட வேண்டும். "ரஹ்மானும் வீட்லதானே ஆரம்பிச்சார்" என்பது அம்மாவின் வாதம். உண்மைதான். 1989-இல் கோடம்பாக்கம் வீட்டின் பின்புறம் போட்ட ஸ்டூடியோ, 1992-இல் 'ரோஜா'. ஆனால் அந்த உதாரணத்தை நம்பிச் சீட்டு எடுக்கிற அம்மாக்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

"அங்கிள், நீங்க கூட வாங்க" என்றான். மவுண்ட் ரோடு ரிச்சி தெருவுக்குப் போனோம்.

கடைக்காரப் பையன் கேட்ட முதல் கேள்வி, "என்ன பட்ஜெட் சார்?" ஒன்றரை லட்சம் என்று சொன்ன மாத்திரத்தில் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு கொட்டேஷன் தயார். பதினாறு கோர் ப்ராசஸர், கனமான கிராஃபிக்ஸ் கார்டு, உள்ளே வானவில் வண்ணத்தில் எரிகிற விளக்குகள். "கேமிங், எடிட்டிங், மியூசிக், எல்லாம் பண்ணலாம் சார். அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை." தொகையில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. இசைக்கு அதனால் ஏறக்குறைய ஒரு பிரயோஜனமும் இல்லை. வேண்டியது வெறும் திரை. அதை ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற சில்லறை கிராஃபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். (சில ப்ராசஸர் பெயர்களின் கடைசியில் 'எஃப்' என்று ஒட்டியிருக்கும். அதில் இந்தச் சில்லறையும் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கினால் தனியாகக் கார்டு வாங்க வேண்டி வரும்.)

பதினாறு கோர் விவகாரம் கொஞ்சம் நுட்பமானது. கல்யாணச் சமையலில் காய் நறுக்கப் பதினாறு பேர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு பாத்திரத்து ரசத்தில் புளி, பொடி, தாளிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போட முடியும். ஒரு வயலின் டிராக்கும் அப்படி. முதலில் வயலின் ஒலி, அப்புறம் ஈக்வலைசர், அப்புறம் கம்ப்ரஸர், அப்புறம் ரிவெர்ப். முந்தினது முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும், அதனால் அந்தச் சங்கிலி பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. மற்ற டிராக்குகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். கடைசியில் எல்லாம் வந்து சேருகிற மாஸ்டர் டிராக் மறுபடி ஒரு சங்கிலி. ஆகவே கோர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் காட்டியது ரைசன் 9 7950எக்ஸ்: 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 170 வாட். நான் கேட்டது ரைசன் 7 7700: எட்டு கோர், 5.3 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். ஒற்றைச் சங்கிலியில் வித்தியாசம் பத்து சதவிகிதத்துக்குள். உஷ்ணத்தில் இரண்டரை மடங்கு. உஷ்ணம் என்றால் ஃபேன், ஃபேன் என்றால் சத்தம். மைக் இருக்கிற அதே அறையில்தானே இந்தப் பெட்டியும் உட்காரப் போகிறது! கண்டென்ஸர் மைக்குக்குப் பாகுபாடு தெரியாது. பாடகியோடு ஃபேனையும் பக்தியாகப் பதிவு செய்யும். நூறு டிராக் வைத்து ஹாலிவுட் படம் பண்ணுகிறவர் பதினாறு கோர் வாங்கட்டும். விளம்பரத்துக்கு எட்டு தாராளம். கனமான டிராக்கைத் தற்காலிகமாக ஒலிப்பதிவாக உறையவைக்கப் பெரும்பாலான மென்பொருள்களில் ஒரு பொத்தான் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதைத் தொடாமலே புது ப்ராசஸர் வாங்கிவிடுகிறார்கள்.

1985-இல் வந்த அடாரி எஸ்டியில் இருந்தது 8 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். மிடி சாக்கெட் கூடவே வந்ததால் ஐரோப்பாவில் பல ஸ்டூடியோக்கள் அதை வைத்துக்கொண்டு ஹிட் கொடுத்தன. அது வெறும் கண்டக்டர்தான். 'இந்த ஸ்வரத்தை இப்போது வாசி' என்று வெளியே இருந்த சிந்தசைஸர்களுக்கு உத்தரவு போட்டது, அவ்வளவே. 1996-இல் ஸ்டைன்பெர்க் கம்பெனி வி.எஸ்.டி. என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகு எதிரொலிப் பெட்டிகள் கம்ப்யூட்டருக்குள் குடியேறின. 1999-இல் வாத்தியங்களும் வந்துவிட்டன. கண்டக்டரே முப்பது வயலினும் வாசிக்க வேண்டிய நிலைமை.

அந்த முப்பது வயலினும் ரேமில் உட்கார்ந்திருக்கின்றன. கோடம்பாக்கத்தில் காலைக் கால்ஷீட்டுக்கு வயலின் பெட்டியோடு பஸ் பிடித்து வந்தவர்களின் இடத்தில் இப்போது இரண்டு பச்சைப் பலகைகள். சௌகரியம்தான், எனக்குச் சந்தோஷமில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தின் ஆரம்பத் துண்டு மட்டும் ரேமில் தயாராக நிற்கும். பாக்கி, தேவைப்படும்போது டிஸ்க்கிலிருந்து ஓடிவரும். எனவே ரேம் வேண்டும், எஸ்.எஸ்.டி. வேண்டும். பையன் 64 ஜிபிக்கு ஆசைப்பட்டான். 2025 கடைசியில் செயற்கை அறிவு டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவித்ததில் ரேம் தங்கம் மாதிரி ஏறிவிட்டது. 32-இல் நின்றோம், போர்டில் இரண்டு இடம் காலி. எஸ்.எஸ்.டி.யில் அதிவேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றேன். நூறு டிராக் குரலை ஒரே சமயத்தில் ஓட்டினாலும் செகண்டுக்கு 15 மெகாபைட்டுக்குக் கீழேதான்; சாதாரண எஸ்.எஸ்.டி.யே 500 தரும். வேகத்துக்குப் பதில் கொள்ளளவு வாங்கினோம்.

"மேக் வாங்கலாமா அங்கிள்?" என்றும் ஒரு கேள்வி வந்தது. மேக் மினி சத்தமில்லாத சமர்த்துப் பெட்டி. 'லாஜிக்'கில் வேலை செய்கிறவராயிருந்தால் வேறு வழியும் இல்லை, 2002-இல் ஆப்பிள் அதை வாங்கியபோதே விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். இவன் நாலு வருஷமாக க்யூபேஸில் பழகியவன். வாங்கி வைத்திருக்கிற வாத்தியங்களில் இரண்டு விண்டோஸுக்கு மட்டும். அதோடு விஷயம் முடிந்தது.

பெட்டி ஒரு லட்சத்துக்குள் அடங்கியது. விளக்குகள் இல்லை, கடைக்காரப் பையனுக்கு அதுதான் தாங்கவில்லை. "ஒரு ஆர்ஜிபி ஃபேனாவது போட்டுக்குங்க சார்!" மிச்சத்தில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், யு.பி.எஸ். எலெக்ட்ரீஷியனுக்கும் கொஞ்சம் போனது. அது பழைய காலத்து வீடு, எர்த் சரியில்லை. 50 ஹெர்ட்ஸில் ஓர் இரைச்சல் எந்த ஸ்ருதியிலும் சேராத தம்புராவாக எல்லாப் பாட்டிலும் கலந்துகொண்டிருந்தது. எர்த் போட்டதும் நின்றது. பதினோராயிரம் ரூபாய் மீந்தது. சீட்டின் அடுத்த தவணைக்கு என்று அம்மாவிடம் கொடுத்தான். அவர் எண்ணாமல் வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.

முதல் குரல் பதிவு ராத்திரி பதினோரு மணிக்கு. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, எல்லோரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 128 துணுக்கில் வைத்து முழுப் பாட்டும் ஓடியது. ஒரு டப் இல்லை. பெட்டியின் சத்தமும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபோது பாடகியின் மூச்சு கேட்டது, அப்புறம் மூன்றாவது வீட்டில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்.