"எல்லாம் சேர்த்துத்தாண்ணே!"

(மூன்றாமாண்டு, அமைப்பியல் துறை)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர், இரண்டையும் ஒரே சமயத்தில் செய்து பார்த்திருக்க மாட்டார். எங்கள் வீட்டில் அதுவும் நடந்தது நண்பர்களே! 2024 தையில் அக்காவுக்குக் கல்யாணம். அதற்கு முந்தைய புரட்டாசி மழையில், வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி ஒழுகி, ஹாலில் மூன்று குண்டான் வைத்தோம். சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்தால் எங்கே உட்கார வைப்பது? அப்பா சொசைட்டியில் லோன் போட்டார்.

வேலை பெரிதில்லை. மாடியில் பழைய தளத்தைக் கொத்தி எடுத்துப் புதுத் தட்டோடு பதிக்க வேண்டும். ஹாலுக்குப் பூச்சு, பாத்ரூமுக்கு டைல்ஸ். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை எடுத்துவிட்டு அடுப்படிக்குச் சின்னதாக ஒரு காங்கிரீட். அவ்வளவுதான்.

அப்பாவின் நண்பர் ஒருவருடைய ஒன்றுவிட்ட மச்சான் காண்ட்ராக்டர். பெயர் வேண்டாம், அக்கா கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுப் போன மனுசன். வந்தார், சுவரை விரலால் தட்டிப் பார்த்தார், மாடியில் ஒரு நடை நடந்தார், மேசையில் கிடந்த பத்திரிகையின் முதுகில் நாலு வரி கூட்டினார்.

"ரெண்டு எம்பது ஆகும்ணே."

"எல்லாம் சேர்த்தா?" - இது அப்பா.

"எல்லாம் சேர்த்துத்தாண்ணே!"

இந்த 'எல்லாம்' என்ற வார்த்தை இருக்கிறதே, அதைப் போல ஆபத்தான வார்த்தை தமிழில் இன்னொன்று இல்லை என்பது என் கட்சி. அப்பாவின் 'எல்லாம்' வேறு, காண்ட்ராக்டரின் 'எல்லாம்' வேறு. இருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். எஸ்டிமேட்டிங் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய நான் பக்கத்தில் நின்று டீ டம்ளரை எடுத்துக் கொடுத்தேன்.

ஐப்பசி முதல் வாரம் வேலை ஆரம்பம். அன்றைக்கே அட்வான்ஸ் 1 லட்சம். மழைக்காலத்தில் மாடியைக் கொத்தத் தொடங்கியது எங்கள் முதல் தப்பு. ஆனால் தை காத்திருக்காதே!

ஐந்தாம் நாள் இடித்த மண் வாசலில் மலையாகக் குவிந்தது. "இதை எப்பண்ணே எடுப்பீங்க?" என்று கேட்டேன். "அது பார்ட்டி செலவுல்ல தம்பி" என்றார். அடுத்து வெளியில் கட்டுகிற சாரம்; அதுவும் பார்ட்டி செலவு. வயரிங்குக்காகச் சுவரில் காடி எடுப்பது எலக்ட்ரீசியன் வேலை, எலக்ட்ரீசியன் 'எல்லாம்' என்பதில் இல்லை. பின் ரூம் பூச்சு கையால் தொட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தது. அதை உள்ளும் வெளியும் புதிதாகப் பூச சதுர அடிக்கு 28 ரூபாய் தனி. அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "ஏண்டா, நீ படிக்கிறது இதைத்தான?"

அதைவிடப் பெரிய கேள்வி காங்கிரீட் போட்ட அன்றைக்கு வந்தது. அதை அம்மா கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். கலவை இறுகலாக இருக்கிறது, சட்டியில் இருந்து விழ மாட்டேன் என்கிறது என்று நிமிந்தாள் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கலவை கஞ்சியாக ஓடியது. எம்20 காங்கிரீட்டுக்கு நீர்-சிமெண்ட் விகிதம் 0.55-க்கு மேல் போகக் கூடாது, 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் இருபத்தேழரை லிட்டர், தண்ணீர் கூடினால் வலு குறையும் - இதை வைவாவில் மடமடவென்று ஒப்பித்தவன் நான். அங்கே வாய் வரவில்லை. எல்லோரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள், நான் பிறக்கும் முன்பே ஒட்டுப் போட்டவர்கள். "படிக்கிற பய வந்து நொட்டை சொல்றான் பாரு" என்பார்களோ என்ற கூச்சம். இன்றைக்கு அந்த ஒட்டின் அடியில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடுகிறது. அம்மா தாளிக்கும்போது நான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஐந்தாம் நாளே சென்ட்ரிங் பிரிக்க ஆள் வந்துவிட்டார். அன்றைக்கு மட்டும் எப்படியோ தைரியம் வந்தது. நாலரை மீட்டருக்கு உட்பட்ட ஒட்டுக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது என்றேன். காண்ட்ராக்டர் கோபப்படவில்லை. "தெரியும் தம்பி. தகட்டு வாடகை ஏறுதே, அதை யாரு குடுப்பா?" என்றார். இரண்டு நாள் வாடகையை நாங்கள் கொடுத்தோம், முட்டு நின்றது. விஷயம் அவ்வளவுதான்! அவருக்கு விதி தெரியாமல் இல்லை, அந்த இரண்டு நாள் யார் கணக்கு என்பதுதான் பேசப்படவில்லை.

காங்கிரீட் முடிந்த கையோடு அப்பா இன்னொரு 80 ஆயிரம் கொடுத்தார். மொத்தத்தில் 1,80,000 போயாச்சு. நான் ராத்திரி உட்கார்ந்து அதுவரை நடந்த வேலையை அளந்து கணக்குப் போட்டேன். 1 லட்சத்தைத் தாண்டவில்லை. காசு முன்னால் போய்விட்டது, வேலை பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. முட்டு பிரித்த மறுநாளில் இருந்து அதுவும் வரவில்லை. போன் அடித்தால், "நாளைக்குக் காலையில டாண்ணு ஆள் வந்துரும்ணே." 19 நாள் இப்படி. மாடி கொத்திப்போட்டபடி கிடக்க, ஐப்பசி மழை அதன் வேலையைச் சரியாகச் செய்தது.

இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு அக்கா வந்து நின்றார். எங்கள் வீட்டில் மண் சுமந்த சித்தாள்தான். மூணு நாள் கூலி, நாள் ஒன்றுக்கு 600, காண்ட்ராக்டர் தரவில்லையாம். "உங்ககிட்ட கேக்கக்கூடாதுதான் தம்பி. ஆனா உங்க வீட்டு வேலைக்குத்தான வந்தேன்?" அதுவரை எங்கள் வீட்டில் நாங்கள் மட்டும்தான் ஏமாந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா உள்ளே போய் அரிசிப் பானையில் இருந்து 1,800 ரூபாய் எடுத்து வந்து கொடுத்தார். அந்த அக்கா கைநாட்டு வைக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றோம், பிறகு யோசித்து நோட்டில் தேதியோடு எழுதி வைத்தோம். (தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. அதில் பதிந்து கார்டு வாங்கச் சொன்னேன். "அதுக்கு ஒரு நாள் கூலி போயிரும்ல" என்றார்.)

அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் போனோம். வீடு கட்டித் தரும் வேலை 1993 திருத்தத்திலேயே நுகர்வோர் சட்டத்தில் 'சேவை' ஆகிவிட்டது, அதே வருடம் லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்சநீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது என்றார். இப்போதிருக்கும் 2019 சட்டத்திலும் அது இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம், 5 லட்சம் வரையிலான வேலைக்குக் கட்டணமும் இல்லை. எங்களுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து ஒன்று கேட்டார்: "என்னென்ன வேலைன்னு எழுத்து இருக்கா?" வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தானாம், சட்டம் ஏற்குமாம். ஆனால் நிரூபிப்பது யார்? எங்களிடம் இருந்தது ஜிபே ரசீதுகளும் ஒரு பத்திரிகையின் முதுகும்தான்.

வழக்குப் போட்டால் தைக்குள் முடியாது. அதனால் அவனியாபுரம் பக்கம் அவர் வேலை பார்க்கும் வீட்டுக்கே நானும் அப்பாவும் போனோம். சண்டைக்குத்தான் போனோம். மனுசன் எங்களைப் பார்த்ததும் சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். எங்கள் 80 ஆயிரம் அந்த வீட்டில் சிமெண்டாகவும் கம்பியாகவும் நின்றுகொண்டிருந்தது! அந்த வீட்டுக்காரர் பணம் தரவில்லை. அதற்கு முந்தைய வீட்டின் நஷ்டத்தை எங்கள் அட்வான்ஸில் அடைத்திருக்கிறார். ஒரு வீட்டு அட்வான்ஸில் இன்னொரு வீட்டை முடிப்பது... இப்படித்தான் இந்தத் தொழிலில் பாதிப் பேர் வண்டி ஓட்டுகிறார்கள். நியாயம் என்று சொல்லவில்லை. நாளைக்கு நம்மில் பாதிப் பேர் இதே தொழிலுக்குத்தான் போகப் போகிறோம் என்பதால் சொல்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் ரெக்கார்டு நோட்டில் மீதமிருந்த தாளில், 'எல்லாம்' என்பதை நாலு பக்கத்துக்கு எழுதினோம். தட்டோடு எத்தனை சதுர அடி, சுருக்கித் தளம் எத்தனை அங்குலம், பூச்சுக்கு எம் சாண்ட் கூடாது, பி சாண்ட் வேண்டும். சாரம் யார், இடித்த மண் யார், தண்ணீர் விடுவது யார் (நான்தான், காலை மாலை, 7 நாள்!). மீதி 1 லட்சத்தை மாடிக்கு 30, பூச்சுக்கு 30, பாத்ரூமுக்கு 30 என்று பிரித்து, அந்தந்த வேலை முடிந்தால்தான் பணம் என்று வைத்தோம். கடைசி 10 ஆயிரம் அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு. அரசு வேலைகளில் ஒரு பகுதியை இப்படி நிறுத்தி வைப்பார்கள் என்று நான் விளக்கியதும், "அடுத்த ஐப்பசியா! அதுக்குள்ள நான் தாத்தாவாயிருவேன் தம்பி" என்றார். கையெழுத்துப் போட்டார். அம்மா கொடுத்த 1,800-ஐ அவரே கழித்துக்கொள்ளச் சொன்னார்.

அவனியாபுரத்துப் பணம் பத்து நாளில் வந்தது, எங்கள் டைல்ஸ் இறங்கியது. பின் ரூம் பூச்சை அளக்கையில் மட்டும் ஒரு மல்லுக்கட்டு. சன்னல், கதவு இடத்தைக் கழிக்காமல் அளந்தார். "ஓரமெல்லாம் பூசலையா?" என்றார். புத்தகத்தைப் பார்த்தால் அவர் பக்கமும் பாதி நியாயம் இருந்தது. ஐ.எஸ். 1200-படி அரை சதுர மீட்டர் வரை கழிக்கவே கூடாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சென்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், ஓரப் பூச்சுக்குத் தனிக் கூலி இல்லை. இரண்டு சன்னல், ஒரு கதவு: 53 சதுர அடி, 1,484 ரூபாய். இதற்காகவா அரை நாள் கத்தினோம் என்று இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது.

மாடிப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், தூம்பில் துணியை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் கட்டி வைத்தோம். கைப்பிடிச்சுவர் மூலையில் கீழே ஈரம் காட்டியது. முகம் சுளிக்காமல் பெயர்த்துச் சரிசெய்தார், எழுத்தில் இருந்ததால். மொத்தச் செலவு 3,21,000. ஆளைப் பிடிக்கும் முன், அவர் முடித்து ஒரு மழைக்காலமாவது கண்ட வீட்டைப் போய்ப் பார்த்து, அந்த வீட்டம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் குறைந்திருக்குமோ என்னவோ. மார்கழி 20-ல் வேலை முடிந்தது. 2024 ஐப்பசியில் மாடி ஒழுகவில்லை; 10 ஆயிரத்தை அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார்.

கல்யாணத்தன்று காண்ட்ராக்டர் 501 மொய் எழுதினார். பந்தியில் பாயசத்தோடு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னைக்கு எழுதுனீங்கள்ல, அது மாதிரி எனக்கு ஒண்ணு வேணும். மீனாட்சி நகர்ல ஒரு வேலை வருது."

"எழுதிரலாம்ணே. என்ன வேலை?"

"வேலை கிடக்கட்டும். சாரம், இடிச்ச மண்ணு ரெண்டும் பார்ட்டி செலவுன்னு மொத வரியில போட்டுருங்க."