புயல் காணப் புறப்படுவோர்க்கு

அருவி காணவும் மலை காணவும் மனிதர் பயணம் போவதுண்டு. சாரல் வீசும் மாதங்களில் குற்றாலம் சென்று நீராடுவதை நம் முன்னோர் ஒரு மருத்துவமாகவே கருதினர். ஆனால், புயலைக் காண்பதற்கென்றே பணம் கட்டி, வழிகாட்டி ஒருவரின் பின்னே நாள்தோறும் பல நூறு கிலோமீட்டர் ஓடுவோரும் இவ்வுலகில் உளர். அமெரிக்காவில் பணியாற்றும் நம் தமக்கை மகன் எழுதிய மடல் வாயிலாகவே அச்செய்தியை நாம் விரிவாக அறிந்தோம். 2024 மே மாதத்தில் ஒக்லஹோமாவிலிருந்து புறப்பட்ட அத்தகைய சுற்றுலாக் குழு ஒன்றில் அவன் பத்து நாள் சேர்ந்து சென்றிருக்கிறான். "மாமா, பெரும்பாலான நேரம் ஊர்தியிலேயே கழிந்தது. எண்ணெய் நிரப்பும் இடங்களில்தான் சாப்பாடு. பத்து நாளில் ஒரே நாள் சுழற்காற்றைக் கண்டோம், அதுவும் பத்து நிமிடம்" என்பது அவன் எழுதியது.

இச்சுற்றுலாவின் இயல்பே அதுதான். மேற்கு உயர்நிலத்தின் வறண்ட காற்றும் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் அமெரிக்கச் சமவெளியின்மீது எதிர்ப்படும் மே, ஜூன் மாதங்களில் பெரும் இடிமேகங்கள் எழுகின்றன. அவற்றுட் சில சுழன்று டொர்னேடோவை ஈனுகின்றன. டேவிட் ஹோட்லி என்பவர் 1956 ஆம் ஆண்டிலேயே இவற்றைத் தேடிச் செல்லத் தொடங்கி, 1977 இல் இத்துறைக்கென ஓர் இதழையும் நிறுவினார். பின்னர் அது கட்டணச் சுற்றுலாவாகவும் வளர்ந்தது. வழிகாட்டி காலையில் வானிலை வரைபடங்களை ஆய்ந்து திசையைச் சொல்வார். எங்கே பொழுது சாய்கிறதோ அங்கே தங்கல். மேகத்திலிருந்து எத்துணைத் தொலைவில் நிற்பது, எச்சாலை வழியே தப்புவது என்பவற்றை அவரே முடிவு செய்வார். சுழற்காற்றைக் காட்டியே தீருவோம் என்று நேர்மையான வழிகாட்டி எவரும் வாக்களிப்பதில்லை.

அவ்வெச்சரிக்கை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோ என்னும் ஊரருகே எழுந்த டொர்னேடோ நான்கு கிலோமீட்டருக்கும் மிகுந்த அகலம் உடையதாய் விரிந்தது. அதில் டிம் சமராஸ் என்ற ஆய்வாளரும், அவர் மகன் பாலும், உடன் சென்ற கார்ல் யங்கும் மாண்டனர். சமராஸ் புதியவர் அல்லர், பல்லாண்டுப் பயிற்சியுடையவர், எச்சரிக்கை மிக்கவர் என்று பெயர் பெற்றவர். கற்றவரையே காற்று வென்றதென்றால் காண வந்தவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

2024 நவம்பரில் மருமகன் விடுமுறையில் ஊர் வந்தான். தன் நண்பர் மூவரையும் உடனழைத்து வந்து, ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கினான். அங்கிருந்து மரக்காணம் வரையுள்ள கடற்கரையில் நின்று வங்கக்கடல் புயல் ஒன்றைக் காண வேண்டும் என்பது அவர்கள் அவா. "நீங்கள்தான் மாமா எங்களுக்கு வழிகாட்டி" என்றான். இக்கடலோரச் சிற்றூர் ஒன்றின் மத்ரஸாவில் நாம் ஆண்டு பலவாக ஓதிக்கொடுத்து வருவதால், இக்காற்றை நாம் அறிவோம் என்பது அவன் எண்ணம்.

வழிகாட்டி என்ற சொல் நமக்கு மகிழ்வளித்தது உண்மை. அரபுக் கப்பல்களில் வழி சொல்பவருக்கு 'முஅல்லிம்' என்று பெயர். ஓதிக்கொடுப்பவருக்கும் அதுவே பெயர். அச்சொல்லே நம் கரைக்கு வந்து 'மாலுமி' ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். பருவக்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்ததே. 1490 வாக்கில் கடற்பயண நூல் யாத்த இப்னு மாஜித் போன்ற முஅல்லிம்களின் கல்வியில் பெரும்பகுதி, எந்நாளில் பாய் விரிப்பது, எந்நாளில் துறையை விட்டு நகராதிருப்பது என்பதே. ஆகவே, நாம் வழிகாட்டுவதாயின் போகாதே என்று சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு என்றோம். அவர்கள் ஒப்புக்கொண்டனர்.

முதற்பாடமாக, அவர்கள் அமெரிக்காவில் கண்டதும் இங்கே காண விழைவதும் வெவ்வேறு என்பதை விளக்கினோம். டொர்னேடோ பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்குவது, ஒரு மணிக்கு மேல் நீடிப்பது அரிது. எட்ட நின்று நோக்கலாம். வங்கக்கடல் புயலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகன்றது, நாட்கணக்கில் நீடிப்பது. அதற்கு வெளியே நின்று அதனைக் காணும் மேடு இவ்வுலகில் இல்லை. காண்பவன் அதன் உள்ளேதான் இருப்பான். பாம்பின் சுருள் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 'சைக்ளோன்' என்று அதற்குப் பெயரிட்டார். சுருளுக்குள் அகப்பட்டவனுக்குப் பாம்பின் முழு வடிவம் தெரிவதில்லை. சென்னையில் 2002 இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடாரும் வான்கோள்களும்தாம் அதனை முழுதாகக் காண்கின்றன.

இரண்டாவதாக, 2011 ஆம் ஆண்டின் தானே புயலைப் பற்றிச் சொன்னோம். டிசம்பர் 29 இரவு மத்ரஸாவின் ஓதும் கூடத்தில் மாணவர் நாற்பதின்மருடன் இருந்தோம். கனத்த லாரி ஒன்று வாசலில் நின்றபடியே இரவெல்லாம் உறுமியது போன்ற ஒலி. கதவின் தாழ் நெகிழ்ந்தபோது பெரிய மாணவர் ஐவர் முதுகு கொடுத்துத் தாங்கினர். கூரை ஓடுகள் ஒவ்வொன்றாய்ப் போகும் ஓசையைச் சிறுவர்கள் எண்ணிக்கொண்டிருந்தனர். பின்னர் எண்ணுவதை விட்டுவிட்டனர். சுப்ஹுத் தொழுகைக்குப் பின், விடிந்து ஒரு மணி நேரத்திற்குள், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே அது கரையேறியது. வெளியே வந்தபோது கண்ணுக்கு முன்பே மூக்கிற்குத் தெரிந்தது அழிவு. அறைபட்ட பச்சிலையின் வாடை ஊர் முழுதும் நிறைந்திருந்தது.

ஆரோவில்லுக்கும் அது மறவாத நாள். 1968 பிப்ரவரி 28 அன்று அந்நகர் தொடங்கப்பெற்றபோது அவ்விடம் மழைநீர் அரித்த செம்மண் பொட்டல். வரப்பு கட்டி நீரைத் தேக்கி, மரம் நட்டுக் காடாக்கினர். தானே புயலில் அக்காட்டின் மரங்கள் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன. நிழலுக்காக விரைந்து வளர்த்த அயல்நாட்டு அகேசியாக்கள் எளிதில் வீழ, இம்மண்ணுக்குரிய மெல்ல வளரும் மரங்களுட் பல தாங்கி நின்றன. ஆதலின், இங்குத் தங்க வருபவர் எந்தச் சாளரத்திலிருந்து கடல் தெரியும் என்று கேட்குமுன், எந்த மரம் தம் கூரைமேல் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தல் வேண்டும். மருமகனும் நண்பரும் அன்று மாலையே ஓட்டு வீட்டை விட்டு, மரங்களுக்கு விலகிய கான்கிரீட் கட்டடத்திற்கு அறை மாற்றிக்கொண்டனர்.

அவர்கள் காண விரும்பியது வந்தது. சவூதி அரேபியா கொடுத்த பெயர் அதற்கு. ஃபெங்கல் என எழுதி ஃபெஞ்சல் என ஒலிக்கப்பட்டது. வளைகுடா வழக்கில் காப்பி அருந்தும் சிறு கிண்ணத்தை 'ஃபின்ஜால்' என்பர். அப்பெயரைக் கேட்டதும் நமக்கு அக்கிண்ணமே நினைவில் எழுந்தது. வலுக்குறைந்து தாழ்வு மண்டலமாகவே கரை சேரும் என்று முதலில் கணிக்கப்பட்ட அது, நவம்பர் 29 பிற்பகலில் புயலாயிற்று. காத்திருத்தல், கணிப்பு மாறுதல், மீண்டும் காத்திருத்தல் ஆகியவையே புயல் காண வருவோர் முதலில் எதிர்பார்க்க வேண்டியவை. 30 ஆம் நாள் கடற்கரைக்குப் போகத் தடை இருந்தது. "தொலைவில் நின்று ஒரு படம் மட்டும்" என்று நண்பர் ஒருவர் மன்றாடினார். நாம் இசையவில்லை. கரைக்குச் செல்லும் ஒருவனைத் தேடி ஒரு காவலரும் ஒரு மீனவரும் போக நேரிட்டால், அப்படத்தின் விலை மூன்று உயிர் என்றோம்.

இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையே புதுச்சேரி அருகே அது கரை கடந்தது. காற்று தானேயைப் போல் கொடிதாயில்லை. மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் அளவே. "இவ்வளவுதானா?" என்று செல்பேசியில் வினவினான் மருமகன். பின்னர்த் தொடர்பு அறுந்துவிட்டது. கரையேறிய புயல் நகராமல் அங்கேயே நின்றது; நின்று பொழிந்தது. மறுநாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. அருகிலுள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர். புதுச்சேரி வீதிகளில் மக்களை மீட்க இராணுவம் வந்தது. அதன்பின் அம்மேகம் உள்நாடு சென்று, டிசம்பர் முதல் நாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே இடத்தில் எழுவர் மாண்டனர். சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணை கரைபுரண்டு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்தது. கடலோரத்தில் அலையை நோக்கி நின்றவன் அப்புயலைக் கண்டவன் ஆகான். உயிர் குடித்த இடம் கடலுக்கு நூறு கிலோமீட்டர் மேற்கே இருந்தது.

சாலை திறந்தபின் நால்வரையும் மரக்காணத்திற்கு அழைத்துச் சென்றோம். நம் சுற்றுலாவில் காட்டத்தக்கது அதுவே. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் சதுரஞ்சதுரமாய்க் கிடக்கும் உப்பளங்கள் யாவும் ஒரே நீர்ப்பரப்பாய்க் கழுவெளி ஏரியோடு கலந்து தோன்றின. வரப்புகள் கரைந்திருந்தன. கீற்று வேய்ந்து மூடிய உப்புக் குவியல்கள் பாதியாய் இளைத்திருந்தன. வேலை செய்யும் மூதாட்டி ஒருவர், "ஐப்பசியிலிருந்தே வேலை இல்லைங்க ஐயா. தை பொறந்தாலும் வரப்பு போட்டு, சேறு வாரி, பாத்தியை மிதிச்சுக் கெட்டிப்படுத்தவே ஒரு மாசம் ஆயிடும். அப்புறம்தான் உப்பைப் பாக்கணும்" என்றார். மழைக்காலத்திற்கென அரசு அளிக்கும் 5,000 ரூபாய் எதுவரை காணும் என்று கேட்டோம். அவர் சிரித்தார், விடை சொல்லவில்லை. நிவர் 2020 இல் இப்பகுதியில்தான் கரையேறியது; மாண்டஸ் 2022 இல் சற்று வடக்கே மாமல்லபுரத்தருகே. பதின்மூன்றாண்டில் குறைந்தது நான்கு புயல். புயலைத் தேடி அம்மூதாட்டி எங்கும் போனதில்லை. அதுவே அவரைத் தேடி வந்துகொண்டிருக்கிறது.

நண்பர்கள் படக்கருவியைப் பையிலிட்டனர். இரண்டு நாள் அவ்வூரிலேயே தங்கி, வரப்புக்கு மண் சுமந்தனர். பழக்கமில்லாத கைகள் உப்புநீரில் வெடித்தன. அமெரிக்கப் பயணத்தில் கிட்டாத ஒன்று இங்கே கிட்டியது என்று மருமகன் சொன்னான். என்னவென்று அவனும் விரித்துரைக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

புயலைக் காண விழைவது தகாதா என்று சிலர் நம்மிடம் கேட்பர். படைப்பின் ஆற்றலை நோக்கிச் சிந்திப்பது தகாததன்று. ஆயினும், மேகம் கறுத்துக் காற்று வீசினால் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் கவலை படரும் என்றும், மழை பொழிந்தபின்பே அது நீங்கும் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அருட்காற்றைப் பெரும்பாலும் 'ரியாஹ்' எனப் பன்மையிலும், தண்டனையாய் வருவதை 'ரீஹ்' என ஒருமையிலும் திருமறை வழங்குவதை இலக்கண ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். வருவது எது என வந்தபின்தானே தெரியும்? அக்கவலை உள்ளத்தில் இருக்கும்வரை காண்பவன் வெறும் வேடிக்கை பார்ப்பவன் ஆகமாட்டான்.

ஆகவே, இக்கரைக்குப் புயல் காண வருவோர் எதிர்பார்க்க வேண்டியவற்றைச் சொல்லி முடிப்போம். பல நாள் காத்திருக்க நேரலாம், வாராமலே போகலாம். வந்தால் மின்சாரம் போகும், மோட்டார் ஓடாது, குடிநீரும், மருந்தும், கைவிளக்கும், சில்லறைப் பணமும் முன்னரே சேர்த்து வைக்க வேண்டும். காற்று திடீரென ஓய்ந்தால் புயல் முடிந்ததென்று எண்ணி வெளியே வரலாகாது. நடுக்கண் கடக்கும்போது அவ்வாறு ஓய்ந்து, சற்றைக்கெல்லாம் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். மாவட்ட ஆட்சியர் விதிக்கும் தடையை மீறலாகாது. ஊர் திரும்பும் நாளைப் புயல் கடந்த மறுநாளாக வைத்துக்கொள்ளாமல், ஒரு கிழமை தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிழமைக்கு இங்கே வேலை இருக்கும்.